கடல் காலி மனை இல்லை

சித்திரை பிறந்துவிட்டால் சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும். அன்றைக்கே குளச்சலில் விசைப்படகுகள் ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். ஜூன் பாதி கழிந்தால் நிலைமை அப்படியே மாறும்: சின்னமுட்டத்துப் படகுகள் போகும், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் படகுகள் நிற்கும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் கட்டிக் கிடக்கும். வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் இதை நம்ப யோசிக்கிறார்கள். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை போடுகிறார்கள். கிழக்குக் கடற்கரைக்கு அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கரையும் சந்திக்கிற முனையில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் இருப்பதால் இரண்டு தடைக்காலமும் எங்களுக்கு வாய்த்துவிட்டது.

சுமார் எழுபது கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கரைக்கு இரண்டு சட்டக் காலங்கள். மீனுக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. கடலை வைத்து இன்று பேசப்படும் பெரிய பெரிய விஷயங்களையெல்லாம் இந்தச் சின்னச் சிக்கலிலிருந்தே பார்க்கலாம் என்று தோன்றியதால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

நீலப் பொருளாதாரம் என்ற பேச்சு 2012 ரியோ மாநாட்டையொட்டி உலகம் முழுக்கப் பரவியது. கடலிலிருந்து வருமானமும் வர வேண்டும், கடலும் கெடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். இந்தியா 2021 பிப்ரவரியில் இதற்கான வரைவுக் கொள்கையை வெளியிட்டது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நீளும் தனிப் பொருளாதார மண்டலம் நமக்கு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அதில் மீன்பிடி, துறைமுகம், கப்பல், எண்ணெய், எரிவாயு, கனிமம், காற்றாலை, சுற்றுலா என்று எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்து வளர்க்கலாம் என்கிறார்கள். நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் குமரிக் கரையில் பிறந்து வளர்ந்த ஆளாக எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தத் திட்டங்கள் போடும்போது கடலைக் காலி மனை மாதிரி பார்க்கிறார்கள். அளந்து, வட்டாரம் பிரித்து, எண் போட்டு, யாருக்காவது ஒதுக்குகிறார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே யார் தொழில் செய்கிறார்கள், அடியில் என்ன இருக்கிறது, எந்த மாதத்தில் எந்த மீன் அங்கே வந்து போகிறது என்ற கேள்விகள் எல்லாம் கடைசியில்தான் வருகின்றன. சில நேரம் வருவதே இல்லை.

அடியில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து பார்ப்போம்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்று கடலின் மேல்நீரைக் கரையை விட்டுத் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரில் சத்து அதிகம், அது வெளிச்சத்தைத் தொட்டதும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் பெருகும், அவற்றைத் தின்ன சாளையும் நெத்திலியும் வரும், அவற்றைத் துரத்திக்கொண்டு சூரையும் நெய்மீனும் வரும். மேற்குக் கரையில் இந்த நீர் மேலெழும்புவது முதலில் தொடங்குவது நம் தென்முனையில்தான், பிறகு படிப்படியாக வடக்கே கேரளம், கர்நாடகம் என்று நகர்கிறது. ஆனி, ஆடியில் குமரிக் கடல் கொந்தளித்துக் கிடப்பதை மட்டும்தான் கரையில் நிற்பவர்கள் பார்க்கிறோம். மேற்குக் கரை முழுக்க அடுத்த சில மாதம் சாப்பிடப்போகிற மீனுக்கான சமையல் அந்த நேரத்தில்தான் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

கன்னியாகுமரிக்குத் தெற்கே, 200 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில், சுமார் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு கடலடி மேடு இருக்கிறது. வாட்ஜ் பேங்க் என்று இதற்குப் பெயர். பேங்க் என்றதும் பத்திரிகைகளில் சிலர் வங்கி என்றே எழுதிவிடுகிறார்கள், அது இங்கே திட்டு என்ற பொருளில் வரும் சொல். பாறையும் மணலும், பார் என்று நாங்கள் சொல்லும் மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுகளும் கலந்த இந்த மேடு மீன் தங்கவும் மேயவும் முட்டையிடவும் நல்ல இடம். வெள்ளைக்காரன் காலத்திலேயே இலங்கையிலிருந்து இழுவைக் கப்பல்கள் இங்கே வந்து பிடித்திருக்கின்றன. 1974-இல் கச்சத்தீவு பற்றி நடந்த ஒப்பந்தம் எல்லோருக்கும் தெரியும், அதற்கு இரண்டு வருடம் கழித்து 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா எல்லையை வகுத்தபோது வாட்ஜ் பேங்க் இந்தியாவின் உரிமைக்குள் வந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அப்போது பரிமாறிய கடிதங்களில், இலங்கைப் படகுகள் மூன்று வருடம் மட்டும் உரிமத்தோடு மீன்பிடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது: அந்தக் காலத்துக்குள் இந்தியா அங்கே பெட்ரோலியமோ வேறு கனிமமோ தேட முடிவு செய்தால், அந்தப் பகுதிகளில் இலங்கைப் படகுகள் மீன்பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும். அதாவது ஐம்பது வருடத்துக்கு முன்பே அந்தத் திட்டின் மேல் எண்ணெய்க் கண் விழுந்துவிட்டது.

இப்போது அந்தக் கண் காகிதத்துக்கு வந்திருக்கிறது. 2024-இல் ஏலத்துக்கு விடப்பட்ட, குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் உள்ள மூன்று வட்டாரங்கள், சேர்த்தால் 27,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், எண்ணெய் எரிவாயு தேடுவதற்காக ஓஎன்ஜிசிக்கு ஒதுக்கப்பட்டன. வட்டாரங்கள் மிக ஆழமான பகுதியில் இருக்கின்றன, மீன்பிடிக்கு என்ன பாதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. மீனவர் அமைப்புகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, கரையெங்கும் போராட்டம் நடந்தது. நான் மீனவர்கள் பக்கம்தான். காரணம் சொல்கிறேன். எண்ணெய் தேடுவதில் முதல் வேலை துளையிடுவதல்ல, ஒலி அனுப்புவது. கப்பலுக்குப் பின்னால் இழுத்துப்போகும் காற்றுத் துப்பாக்கிகள் சில நொடிக்கு ஒருமுறை வெடிப்பு மாதிரி சத்தத்தைக் கீழே அனுப்பும், எதிரொலியை வைத்து அடியிலுள்ள பாறை அடுக்குகளைப் படிப்பார்கள். 2017-இல் டாஸ்மேனியா பக்கம் செய்த ஓர் ஆய்வில், ஒரே ஒரு காற்றுத் துப்பாக்கியின் சத்தத்தால் 1.2 கிலோமீட்டர் தூரம் வரை மிதவை உயிரிகள் செத்தது தெரிந்தது. பிற்பாடு நார்வேயில் செய்த ஆய்வு பாதிப்பு மிகக் கிட்டத்தில் மட்டுமே என்று சொன்னது. அறிவியலாளர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத விஷயத்தில், மேற்குக் கரை மீன்களுக்கே தீனி தயாராகிற இடத்தைச் சோதனைக்களமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டுமென்றால்கூட, எந்த மாதத்தில் செய்யக் கூடாது என்றாவது கடல்வேலைக்குப் போகிறவர்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

சரி, மணலுக்கு வருவோம். குமரியில் மீனுக்கு அடுத்து பெரிய பேச்சு மணல்தான்.

1909-இல் சோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது ஐரோப்பாவில் தெருவிளக்கெல்லாம் கேஸ் விளக்கு, அதன் மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது, தோரியம் மோனசைட்டில் இருந்தது. அந்த மணலின் ஊர் மணவாளக்குறிச்சி. அதைத் தொடர்ந்து அங்கே மணல் எடுக்கத் தொடங்கினார்கள், பிறகு அது ஒன்றிய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் கைக்கு வந்து இன்றுவரை நடக்கிறது. கேஸ் விளக்குக் காலம் எப்போதோ போய்விட்டது, மணலின் மவுசு மட்டும் கூடிக்கொண்டே இருக்கிறது. அதே மணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்திலிருந்து வெள்ளைப் பெயிண்டுக்கான டைட்டானியம் ஆக்சைடு கிடைக்கிறது. மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்கள் மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தங்களுக்குப் போகின்றன. சுற்றுச்சூழலைக் காக்கிற தொழில்நுட்பம் என்று நாம் கொண்டாடும் பொருள்களே எங்கள் கரையின் மணலைக் கேட்கின்றன என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-ஆம் தேதி பத்மநாபபுரத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள், எதிர்ப்பு வலுத்ததால் தள்ளிவைத்தார்கள்.

மணல் கரையில் சும்மா கிடப்பதாக நினைத்தால் இந்த எதிர்ப்பு புரியாது. அது ஓடிக்கொண்டிருக்கிற பொருள். ஆனி ஆடியில் அலை மணலை வாரிக்கொண்டு போகும், கடல் அடங்கியதும் திரும்பக் கொண்டுவந்து போடும். கரையோடு சேர்ந்து பக்கவாட்டிலும் நகரும். எங்கள் பாட்டா கட்டுமரம் ஏற்றி வைத்த கடற்புறம் என்று அப்பா ஓரிடத்தைக் காட்டுவார், இன்று அங்கே இடுப்பளவு தண்ணீரும் கருங்கல்லும்தான். எல்லாமே மணல் எடுத்ததால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆற்றில் அணை கட்டியது, ஆற்றுமணலை அள்ளியது, கடலுக்குள் கல்லைப் போட்டது, கடல் மட்டம் உயர்வது என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒன்றிய அரசின் கடலோர ஆய்வு மையம் எடுத்த கணக்கில், நாட்டின் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு ஆளாகியிருந்தது. குமரி போல வீடுகள் தண்ணீருக்குப் பத்தடி தள்ளி நெருக்கமாக நிற்கிற கரையில் அரிப்பு என்றால் அது நேராக வீட்டுச் சுவரைத்தான் தொடும்.

கல் போட்டதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அரிப்பு வந்ததும் ஊர் கேட்பது தடுப்புச் சுவர் அல்லது தூண்டில் வளைவு. தூண்டில் முள் மாதிரி கடலுக்குள் நீட்டி வளைத்துப் போடும் கல்வரிசையைத்தான் அப்படிச் சொல்கிறோம். போட்ட ஊரில் மணல் சேரும், அது உண்மை. சேர்ந்த மணல் அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல், அதனால் இரண்டு வருடம் கழித்து அடுத்த ஊர் போராடும், அவர்களுக்கும் ஒரு வளைவு வரும், அப்புறம் அதற்கடுத்த ஊர். யாரையும் குறை சொல்ல முடியாது, வீட்டு வாசலில் அலை அடிக்கும்போது பக்கத்து ஊரை நினைத்துக்கொண்டு யார் பேசாமல் இருப்பார்கள்? ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டால் இப்படித்தான் முடியும். மேற்கே கேரள எல்லையிலுள்ள நீரோடியிலிருந்து கிழக்கே ஆரோக்கியபுரம் வரை மணல் ஒரே ஓட்டம், கணக்கும் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

இதில் மிகக் கசப்பான உதாரணம் தேங்காப்பட்டணம். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் பொழிமுகத்தில் மீன்பிடித் துறைமுகம் கட்டினார்கள். நீண்ட நாள் கோரிக்கை அது, மக்கள் கேட்டு வாங்கியது. கட்டிய பிறகு முகத்துவாரத்தில் மணல் மேடு சேரத் தொடங்கியது, அந்த மேட்டில் அலை உயர்ந்து உடையும், உள்ளே வரும் படகு அந்த அலையில் மாட்டினால் கவிழும். இப்படிக் கவிழ்ந்து பலர் செத்திருக்கிறார்கள். ஆழ்கடல் போய்த் திரும்பி வருகிறவர்கள் தங்கள் துறைமுக வாசலில் உயிரை விடுவதை என்னவென்று சொல்வது? துறைமுகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே அலை எந்தப் பக்கம் உடையும், மழைக்காலத்தில் பொழி எப்படித் திறக்கும், நீவாடு என்கிற கடல் நீரோட்டம் எப்போது மாறும் என்றெல்லாம் அந்தக் கரையில் ஐம்பது வருடம் வள்ளம் தள்ளியவருக்குத் தெரியும். அந்த அறிவும் பொறியாளரின் கணக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கல்வரிசை வேறு மாதிரி இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பெரிய துறைமுகத்தின் கதை வேறு. 2016 ஜூலையில் இனயத்தில் சுமார் 27,000 கோடி ரூபாயில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்று முனையம் கட்ட ஒன்றிய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. இனயத்தில் எதிர்ப்பு வலுத்ததும் கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடையே மாற்றினார்கள், அங்கேயும் மக்கள் எழுந்தார்கள், திட்டம் நின்றுபோனது. எல்லைக்கு அந்தப் பக்கம் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அது கட்ட நம் மலைகளை உடைத்த கல்லும் போனது, அதற்காக இங்கே நடந்த சண்டைகள் தனிக் கதை. மூன்றே வாரத்தில், மே 24-ஆம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 கப்பல் சாய்ந்து மறுநாள் மூழ்கியது. அதில் 640 பெட்டகங்கள், அவற்றில் 13-இல் ஆபத்தான சரக்கு. சில நாளில் பிளாஸ்டிக் குருணைகள், பருப்பு அளவில் வெள்ளை வெள்ளையாக, கேரளக் கரையெங்கும் ஒதுங்கின, அப்புறம் நீரோடி தாண்டி நம் கரைக்கும் வந்தன. மணலில் கலந்த குருணையைப் பிரிக்க இயந்திரம் உதவாது, சல்லடையும் கையும்தான். முழுக்க எடுத்துவிட்டோம் என்று யாராலும் சொல்ல முடியாது. மீன் அதை முட்டை என்று நினைத்துத் தின்னும். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர்நீதிமன்றம் போனது. துறைமுக வருமானத்தைக் கணக்கிடும்போது இந்த மாதிரி ஒரு நாளின் செலவை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள் என்பது எனக்கு முக்கியமான கேள்வி.

வெளியிலிருந்து வருவதையே பேசிக்கொண்டிருந்தால் நியாயமாக இருக்காது. எங்கள் பக்கம் இருக்கும் தப்பையும் சொல்ல வேண்டும்.

1950-களில் இந்தோ-நார்வே திட்டம் கொல்லம் பக்கம் நீண்டகரையில் இயந்திரப் படகுகளைக் கொண்டுவந்தது. பிறகு இறாலுக்கு வெளிநாட்டில் கிடைத்த விலையைப் பார்த்து இழுவைமடி கரையெங்கும் பரவியது. இழுவைமடி கடலின் அடியைத் தேய்த்துக்கொண்டே போகும், இருப்பதையெல்லாம் வாரும். தமிழ்நாட்டு விதிப்படி மடிப்பையின் கண்ணி 40 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், விசைப்படகு 5 கடல் மைலுக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். இரண்டும் எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகின்றன என்பது துறைமுக ஏலத்தில் கொட்டும் குஞ்சுமீனைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தக் குஞ்சு சாப்பாட்டுக்கு வராது, மீன்தூள் ஆலைக்குப் போகும், தூள் இறால் பண்ணைக்குத் தீவனமாகப் போகும், இறால் கப்பலேறும். 2023-24-இல் இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதி 60,523 கோடி ரூபாய், அதில் உறைய வைத்த இறால் மட்டுமே 40,013 கோடி. ஏற்றுமதிக் கணக்கில் இது வெற்றி. சாளையும் நெத்திலியும் வாங்கிச் சாப்பிடும் குடும்பத்துக்கு, நாளை ஒரு சாணுக்கு வளர வேண்டிய மீன் இன்றைக்கே தூளாகிப் போன கணக்கு.

சாளையின் கதையைக் கேட்டால் பயம் வரும். கேரளத்தில் 2012-இல் 3.9 லட்சம் டன் பிடித்த மீன் 2021-இல் 3,297 டன்னாக இறங்கிவிட்டது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. எல் நினோ போன்ற கடல் வெப்ப மாற்றம் பெரிய காரணம், குஞ்சைப் பிடித்ததும் சேர்ந்துகொண்டது. சாளை ஏறுவதும் இறங்குவதும் பழைய வழக்கம்தான், திரும்பவும் வந்திருக்கிறது. ஆனால் இறங்கிக் கிடக்கும் வருடத்தில் மிச்சமிருப்பதையும் வாரிவிட்டால் ஏறுவதற்கு எது மீதமிருக்கும்? பத்து சென்டிமீட்டருக்குக் குறைவான சாளையைப் பிடிக்கக் கூடாது என்று கேரளம் விதி வைத்திருக்கிறது. நீரோடி தாண்டினால் விதி வேறு, மீன் ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிரான தொழில் தூத்தூர் பக்கம் இருக்கிறது. இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரை எட்டு ஊர்க்காரர்கள் ஆயிரங்கால் தூண்டில் போட்டுச் சூரையும் சுறாவும் பிடிப்பவர்கள். வாரக்கணக்கில் கடலில் கிடந்து லட்சத்தீவு தாண்டி, குஜராத் பக்கம், ஓமன் பக்கம் வரை போவார்கள். கொச்சித் தோப்பும்படியில் படகைக் கட்டித்தான் பெரும்பாலும் தொழில். தூண்டிலில் குஞ்சு மாட்டுவது குறைவு, கடலடி கெடாது, மீனுக்கு விலையும் அதிகம். ஆழ்கடலில் இந்தியா மீன்பிடிக்க வேண்டும் என்று டெல்லியில் பேசும்போதெல்லாம், அதை எந்தத் திட்டமும் இல்லாமலே செய்துகாட்டியவர்கள் இவர்கள் என்பதை யாராவது எழுந்து சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுவேன். 2025 நவம்பரில் வந்த தனிப் பொருளாதார மண்டல மீன்பிடி விதிகள் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்கின்றன, எல்இடி விளக்குப் பிடிப்பையும் இரட்டைமடியையும் தடுக்கின்றன. இது நல்லது. தாய்க்கப்பல் வைத்து நடுக்கடலிலேயே மீன் மாற்றும் ஏற்பாட்டையும் பேசுகின்றன. தாய்க்கப்பல் வாங்கும் பணம் எந்தச் சங்கத்திடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முன்னுரிமை யாருக்கு என்பது முடிவாகும்.

தூத்தூர்க்காரர்களுக்குப் பாதுகாப்பு என்ற சொல்லின் இன்னொரு முகமும் தெரியும். 2010-இல் பிரிட்டன் இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளைச் சுற்றி 6 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலை மீன்பிடியே கூடாத காப்பகமாக அறிவித்தது. அந்தப் பக்கம் போய்ப் பிடிபட்டு அபராதம் கட்டி, படகைப் பறிகொடுத்து வந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். எல்லை தாண்டியது தவறுதான். ஆனால் அந்தத் தீவுகளின் சொந்த மக்களையே வெளியேற்றிவிட்டு, ஒரு தீவை ராணுவத் தளமாக்கிவிட்டு, அதே கடலைக் காப்பகம் என்று அறிவித்ததை நினைக்கும்போது, ஆளில்லாத கடல்தான் நல்ல கடல் என்ற எண்ணம் எனக்கு ஒப்பவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது இவர்களில் பலர் கரையிலிருந்து பல நாள் தூரத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போகவே இல்லை. குமரிக் கரையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. அவற்றைப் படகுகளில் பொருத்துவது நீலப் பொருளாதாரத்தின் முதல் செலவாக இருந்திருக்க வேண்டும் என்பேன்.

வருமானம் யார் கைக்குப் போகிறது என்பதும் இந்தப் பேச்சில் சேர்ந்தது. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் குமரிக் கரையோரச் சங்கங்களும் உண்டு. பிடித்த மீனைக் கடன் கொடுத்தவன் சொன்ன விலைக்குக் கொடுக்காமல், சங்கமே கரையில் ஏலம் விட்டு, அதில் கொஞ்சம் கடனுக்கும் கொஞ்சம் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்வது அவர்கள் முறை. மீனின் முதல் விற்பனை பிடித்தவன் கையில் இருந்தால் அவசரப்பட்டுக் குஞ்சை வாரத் தேவையில்லை, இதுதான் அதன் சூழலியல் பயன், யாரும் இப்படிச் சொல்வதில்லை. தலைச்சுமையில் மீன் விற்கும் பெண்களையும் மறக்கக் கூடாது. ஊர்க்கரையில் வள்ளம் வந்தால் சின்னக் குவியலாக ஏலம் எடுப்பார்கள். எல்லாம் துறைமுகத்துக்குப் போய்விட்டால் அங்கே பெட்டி பெட்டியாக ஏலம், லாரிக்காரருடன் அவர்களால் போட்டி போட முடியாது. துறைமுக வரைபடத்தில் இந்தப் பெண்களுக்கு ஒரு திண்ணையாவது வரைந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது எங்கள் கரையூர்களில் பல தலைமுறை வழக்கம். கோயிலுக்காக வந்த பழக்கம், ஆனால் வருடத்துக்கு 52 நாள் கரைக்கடலுக்கு ஓய்வு கிடைத்தது. அரசு தடைக்காலம் போடுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே.

காற்றாலை பற்றி அதிகம் சொல்ல இல்லை. முப்பந்தலில் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், காற்றின் அருமை தெரியும். கடலுக்குள் காற்றாலை அமைக்க 2024-இல் ஒன்றிய அரசு 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டம் அறிவித்தது, அதில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு. எண்ணெய் எடுப்பதை விட இது ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் தூண்களைச் சுற்றிலும் கேபிள் போகும் வழியிலும் வலை விடக்கூடாது என்று சொல்வார்கள், அந்தத் தடை எந்த ஊரின் பாரின் மேல் விழும் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும்.

எல்லாம் சேர்ந்து ஓரிடத்துக்கு வருகிறது. கடலில் எது எங்கே என்று ஒரே வரைபடம் வேண்டும், அதில் முதல் கோடு மீனவருடையதாக இருக்க வேண்டும். கடல்வெளித் திட்டமிடல் என்று இதற்குப் பெயர், நார்வேயின் கூட்டுறவோடு புதுச்சேரியிலும் லட்சத்தீவிலும் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். எண்ணெய், மணல், துறைமுகம், காற்றாலை என்று இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் விழுந்திருக்கும் குமரிக்கு அது உடனே வேண்டும்.

ஆனால் இதை எழுதும்போது அப்பா என்ன சொல்வார் என்று தெரியும். கடலுக்கு நடுவே பாரைக் கண்டுபிடிக்க எங்கள் ஆட்கள் கணிச்சம் வைப்பார்கள். ஊர்க் கோயில் கோபுரமும் பின்னால் தெரியும் ஒரு மலையுச்சியும் ஒரே கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும், இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்கினால் கீழே பார் இருக்கும். பாட்டா சொல்லி அப்பா மனதில் வைத்திருக்கும் கணிச்சங்களை அவர் சொந்தத் தம்பிக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. இன்று அவை ஜிபிஎஸ் எண்களாகப் படகுக்காரர்களின் கருவிகளில் இருக்கின்றன, அதே ரகசியத்தோடு. வரைபடத்தில் பாரைக் குறித்தால் எண்ணெய்க் கப்பலை நிறுத்த ஆதாரம் கிடைக்கும். அதே வரைபடத்தைப் பார்த்து மறுநாள் இழுவைமடி வந்து நின்றால்? குறிக்காமல் விட்டால் அந்த இடம் காலி என்றே எழுதுவார்கள்.

போன முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைக் கேட்டேன். எண்ணைக் கொடுக்க வேண்டாம், நம் ஊர்க்காரர்கள் தொழில் செய்யும் பரப்பை மட்டும் சேர்த்துப் பெரிய வட்டமாகப் போட்டுக் கொடுக்கலாமே என்றேன். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், மற்ற ஊர்க்காரர்களும் போட்டால் நானும் போடுகிறேன் என்றார்.